பச்சைக் குழந்தைக்கு எந்தப் பால் பவுடர்? முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு முதன்முறையாக ஃபார்முலா பால் வாங்கப் போகிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. எங்கள் வீட்டில் அந்தத் தேவை வந்தபோது ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். விலை கூடியதுதான் நல்லது என்றார் ஒருவர். ஆட்டுப்பால் பவுடர்தான் செரிக்கும் என்றார் இன்னொருவர். ஒரே கம்பெனியின் டின்களே நான்கைந்து நிறத்தில் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தூக்கம் கெட்டு, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் தேடிப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, எது முதலில் தெரிய வேண்டுமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்குப் பசும்பாலிலிருந்து தயாரித்த சாதாரண முதல் நிலை ஃபார்முலா (பிறந்ததிலிருந்து கொடுக்கலாம் என்று, டின்னில் '1' போட்டிருப்பது) போதும். எந்த கம்பெனி என்பது இரண்டாம்பட்சம். டின்னைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை விட, பாலைக் கலக்குவதில் காட்டும் அக்கறைதான் குழந்தையைக் காப்பாற்றும்.

1. ஃபார்முலா தேவைதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பால் கொடுக்க முடிந்தவர்கள் அதைத் தொடர்வதே நல்லது. "குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது, பால் பத்தவில்லை" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னவுடன் டின் வாங்க ஓட வேண்டாம். அழுகை பால் குறைவுக்கு அடையாளம் இல்லை. சாயங்கால நேரத்தில் விட்டு விட்டுப் பல முறை குடிப்பது பச்சைக் குழந்தைகளின் இயல்பு.

பால் போதுகிறதா என்று சொல்லும் அடையாளங்கள் இரண்டுதான். ஒன்று ஈரத் துணி அல்லது டயப்பர்: பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாக நனைய வேண்டும். இன்னொன்று எடை. பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயற்கை. 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை ஏறும். இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது. இல்லையென்றால், குழந்தை மார்பில் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒரு செவிலியரையோ தாய்ப்பால் ஆலோசகரையோ நேரில் பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கும் விதத்தைத் திருத்தினாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இரண்டும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவுதான் தாய்க்குச் சுரக்கும். ஒவ்வொரு பாட்டிலும் சுரப்பைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் முதலில் மார்பு, பிறகுதான் பாட்டில். பாட்டில் கொடுக்கும் நேரத்தில் பாலைப் பிழிந்து எடுத்தால் சுரப்பு அதிகம் குறையாது.

தாய் எடுக்கும் சில மருந்துகள், தாயின் உடல்நிலை, கேலக்டோசீமியா போன்ற அரிய பிறவி நோய்கள், பிள்ளையைத் தாய் அல்லாத ஒருவர் வளர்ப்பது என்று ஃபார்முலாவே வழி என்கிற நிலைமைகள் உண்டு. அம்மா தன் மனசையும் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ள எடுக்கும் முடிவும் அதில் அடங்கும். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

2. டாக்டரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

டின் வாங்கும் முன் குழந்தை மருத்துவரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். போகும்போது இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்:

பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி. பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, மஞ்சள் காமாலை இருந்ததா, ஆஸ்பத்திரியில் ஏதாவது ஃபார்முலா கொடுத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை என்றால் இந்தக் காகிதம் இல்லாமல் போகவே வேண்டாம்.

தடுப்பூசி அட்டை, எடைப் பதிவு. ஒரு நாள் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எடை எப்படி ஏறி வந்திருக்கிறது என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார்.

வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது ஆஸ்துமா, எக்சிமா (தோல் சிவந்து அரிக்கும் நோய்), உணவு ஒவ்வாமை உண்டா என்ற விவரம். குழந்தைக்கும் அம்மாவுக்கும் தரும் மருந்துகளின் பெயர்கள். கடந்த இரண்டு மூன்று நாட்களில் எத்தனை முறை குடித்தது, எத்தனை டயப்பர் நனைந்தது என்று ஒரு சின்னத் தாளில் குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி: "என் குழந்தைக்குச் சாதாரண முதல் நிலை ஃபார்முலா போதுமா, சிறப்பு வகை ஏதாவது தேவைப்படும் காரணம் இருக்கிறதா?" பதில் "போதும்" என்றால், டாக்டர் ஒரு பிராண்ட் பெயரை எழுதிக் கொடுத்தாலும் கூச்சப்படாமல், "இது கிடைக்காவிட்டால் வேறு எதையும் வாங்கலாமா?" என்று கேளுங்கள். பிறகு ஒரு நாள் கடையில் சரக்கு இல்லாதபோது அந்தப் பதில்தான் உதவும்.

3. டின்னின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். மூளை வளர்ச்சி, எதிர்ப்பு சக்தி, தங்கம், வைரம் என்று என்ன வேண்டுமானாலும் இருக்கும். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருட்களை இப்படி விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1981-லேயே சர்வதேச விதிமுறை வந்துவிட்டது. அது எல்லா இடத்திலும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை:

வயது. முதல் நிலை, அதாவது '1' என்று போட்டு, பிறந்ததிலிருந்து கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். '2', '3' என்று போட்ட டின்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவசரத்தில் மாறிப்போவது இங்கேதான்.

சக்தி. கலக்கிய 100 மி.லி. பாலில் 60 முதல் 70 கிலோகலோரி இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தரம். எந்த கம்பெனியானாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். புரதம், கொழுப்பு, இரும்பு, வைட்டமின்கள் எல்லாவற்றுக்கும் இப்படி வரம்பு உண்டு. விலை குறைந்த டின்னும் விலை கூடிய டின்னும் ஒரே விதிக்கு உட்பட்டவை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் கவலை போய்விடும்.

மாவுச்சத்து. தாய்ப்பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். சாதாரண ஃபார்முலாவிலும் லாக்டோஸ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாமல் சுக்ரோஸ், குளுக்கோஸ் சிரப் சேர்த்ததை நான் எடுக்க மாட்டேன்.

புரதம். பாலில் வே, கேசின் என்று இரண்டு வகைப் புரதம் உண்டு. பசும்பாலில் கேசின் 80 சதவீதம், வே 20 சதவீதம். முதல் நிலை ஃபார்முலாவில் வே புரதத்தைக் கூட்டித் தாய்ப்பாலின் விகிதத்துக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். கேசின் வயிற்றில் கெட்டியாகத் திரளும், செரிக்க நேரமாகும். "பசி அடங்கும்", "இரவு நன்றாகத் தூங்கும்" என்று விற்கும் டின்கள் பெரும்பாலும் கேசின் கூடியவை. அவற்றைக் குடித்தால் குழந்தை அதிகம் தூங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இரும்புச்சத்து கட்டாயம் இருக்க வேண்டும். டி.எச்.ஏ. என்கிற கொழுப்பு அமிலத்தை ஐரோப்பிய ஒன்றியம் எல்லா முதல் நிலை ஃபார்முலாவிலும் கட்டாயமாக்கியிருக்கிறது. மற்ற இடங்களில் இருந்தால் நல்லது, அதற்காகவே இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம். ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது என்று சேர்க்கும் நுண்ணுயிர்), ப்ரீபயாட்டிக் (அவற்றுக்கு உணவாகும் நார்ச்சத்து) போன்றவை இல்லையென்று வருந்தத் தேவையில்லை.

கடைசியாகக் காலாவதித் தேதி, பேட்ச் எண், மூடியின் அடியில் உள்ள சீல். நசுங்கிய, உப்பிய, துருப்பிடித்த டின் வேண்டாம். யாரோ பயன்படுத்தி மிச்சம் வைத்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

4. வகைகள்: எது யாருக்கு

பசும்பால் ஃபார்முலா. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான். இங்கேயே நின்றுவிடலாம்.

ஆட்டுப்பால் ஃபார்முலா. தரத்துக்கு உட்பட்டுத் தயாரித்ததாக இருந்தால் ஊட்டத்தில் குறையில்லை. கூடுதல் நன்மையும் இல்லை. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது மாற்று இல்லை. இரண்டு பாலின் புரதங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை, ஒன்றுக்கு ஒவ்வாத உடம்பு பெரும்பாலும் மற்றதையும் ஏற்காது. இதைத் தெரியாமல் அதிகப் பணம் கொடுத்து வாங்குபவர்கள் நிறைய. டின்னில் அடைத்த ஃபார்முலா வேறு, கறந்த ஆட்டுப்பால் வேறு. கறந்த பாலை, மாடோ ஆடோ, ஒரு வயதுக்கு முன் முதன்மைப் பாலாகக் கொடுக்கக் கூடாது.

சோயா ஃபார்முலா. கேலக்டோசீமியா போன்ற சில நிலைகளில் டாக்டர் சொல்வார். குறைமாதக் குழந்தைக்கு ஏற்றதல்ல. நீங்களாக எடுக்க வேண்டாம். கடையில் குடிப்பதற்கு விற்கும் சோயா பால், பாதாம் பால், ஓட்ஸ் பால் எதுவும் ஃபார்முலா ஆகாது.

லாக்டோஸ் இல்லாத ஃபார்முலா. பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத குழந்தைகள் மிக மிக அரிது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சிறிது காலம் லாக்டோஸ் செரிக்காமல் போகலாம், குடல் தேறியதும் சரியாகிவிடும். அப்போது கொடுத்தாலும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது ஒவ்வாமைக்கான பால் அல்ல. இதிலும் பசும்பால் புரதம் இருக்கிறது. லாக்டோஸ் செரிக்காமையும் பால் ஒவ்வாமையும் வேறு வேறு. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், கவனமாக இருங்கள்.

கெட்டியான ஃபார்முலா. டின்னில் 'ஏ.ஆர்.' என்று இருக்கும். அரிசி மாவுச்சத்து அல்லது கரோப் கொட்டைப் பிசின் சேர்த்திருப்பார்கள். எதுக்களித்தல் அதிகமாகி எடை ஏறாத குழந்தைக்கு டாக்டர் எழுதுவார். கொஞ்சம் கக்கினாலும் சிரித்துக்கொண்டு எடை ஏறும் குழந்தைக்கு இது வேண்டியதில்லை. கலக்கும் முறையும் வேறு. வெந்நீரில் கட்டி தட்டலாம், டின்னில் சொன்னபடியே செய்யுங்கள்.

ஒவ்வாமைக்கான ஃபார்முலா. பசும்பால் புரத ஒவ்வாமை நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வருகிறது. மலத்தில் ரத்தம் அல்லது சளி, தடிப்பு, மோசமான எக்சிமா, நிற்காத வாந்தி, எடை ஏறாமை ஆகியவை அறிகுறிகள். இதற்குப் புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்த ஃபார்முலா கொடுப்பார்கள். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அமினோ அமில ஃபார்முலா, அதாவது முழுப் புரதமே இல்லாமல் அதன் அடிப்படைக் கூறுகள் மட்டும் உள்ளது. இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. 'எளிதில் செரிக்கும்', 'மென்மையான வயிற்றுக்கு' என்று கடையில் விற்பவை புரதத்தைப் பாதி மட்டும் உடைத்தவை. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அவை ஆபத்து. டாக்டர் எழுதிய பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து வாங்குங்கள்.

முழுதாக உடைத்த ஃபார்முலா கசக்கும், வாசனையும் வேறு மாதிரி இருக்கும். குழந்தை முதலில் முகத்தைச் சுளிக்கும். மலம் பச்சையாகப் போகும். இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் மேற்பார்வையில் பழைய பாலைத் திரும்பக் கொடுத்து ஒவ்வாமைதானா என்று உறுதி செய்வார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வாமையே இல்லாத குழந்தைக்கு மாதக்கணக்கில் மிக விலை உயர்ந்த டின் வாங்கிக்கொண்டிருக்க நேரிடும்.

குறைமாதக் குழந்தைக்கான ஃபார்முலா. சக்தி, புரதம், தாது உப்புகள் கூடியது. எது, எத்தனை வாரம் என்பதை ஆஸ்பத்திரிதான் முடிவு செய்ய வேண்டும். அண்ணன் குழந்தைக்குக் கொடுத்தோம் என்று கொடுப்பதோ, எடை ஏறட்டும் என்று நிறைமாதக் குழந்தைக்குக் கொடுப்பதோ கூடாது.

வீட்டிலேயே பவுடர் தயாரிக்கும் செய்முறைகள் உலவுகின்றன. தயவுசெய்து வேண்டாம். உப்பின் அளவு கொஞ்சம் தவறினாலும் சின்ன உடம்பு தாங்காது.

5. மாதச் செலவை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

கணக்கு எளிது. முதல் சில வாரங்களுக்குப் பிறகு, ஃபார்முலா மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மி.லி. பால் தேவைப்படும். 100 மி.லி. பாலுக்குச் சுமார் 13 கிராம் பவுடர் ஆகும்.

4 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 600 மி.லி., அதாவது 78 கிராம் பவுடர். 400 கிராம் டின் ஐந்து நாள் வரும். மாதத்துக்கு ஆறு டின். அதே குழந்தை 6 கிலோ ஆகும்போது நாளுக்கு 900 மி.லி., 117 கிராம். டின் மூன்றரை நாள்கூடத் தாங்காது. மாதத்துக்கு ஒன்பது டின். முதல் மாதச் செலவை வைத்துத் திட்டம் போட்டால் மூன்றாவது நான்காவது மாதத்தில் கை கடிக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவு ஏற ஏறப் பால் மெல்லக் குறையும்.

இரண்டு டின்களின் விலையை ஒப்பிடும்போது டின் விலையைப் பார்க்காதீர்கள். 100 மி.லி. பாலுக்கு எத்தனை கிராம் பவுடர் என்று பின்பக்கத்தில் இருக்கும். 13 கிராம் கேட்கும் டின்னில் 400 கிராமுக்குச் சுமார் 3.1 லிட்டர் பால் கிடைக்கும். 14 கிராம் கேட்பதில் சுமார் 2.9 லிட்டர்தான். டின் விலையை இந்த லிட்டரால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

சிறப்பு ஃபார்முலா என்றால் காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. பல நாடுகளில் அரசுத் திட்டமோ காப்பீடோ செலவில் ஒரு பகுதியை ஏற்கும். அதற்கு மருந்துச் சீட்டில் நோயின் பெயர், குழந்தையின் எடை, நாளுக்கு எவ்வளவு, எத்தனை மாதம் என்று நான்கும் எழுதியிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் திருப்பி அனுப்பலாம். டாக்டர் அறையை விட்டு வரும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். பில்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். சீட்டு முடியும் முன்பே அடுத்ததற்கு நேரம் கேளுங்கள்.

மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறது என்று தெரியும் வரை சின்ன டின் ஒன்று. பிறகு எப்போதும் ஒரு திறக்காத டின் கையிருப்பில் இருந்தால் போதும்.

6. கலக்கும் முறை: இங்கே அவசரம் கூடாது

பால் பவுடர் கிருமி நீக்கியது அல்ல. சீல் உடைக்காத டின்னிலும் குரோனோபேக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அரிதாக இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை என்றால் குரோனோபேக்டர் மூளை உறை வரை தாக்கக்கூடும். அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. சில டின்களில் வெதுவெதுப்பான நீர் என்று போட்டிருக்கும். உங்கள் குழந்தை மேலே சொன்ன பட்டியலில் இருந்தால் டாக்டரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த சிறப்பு ஃபார்முலா என்றால் அவர்கள் சொன்ன சூட்டிலேயே கலக்குங்கள். டின் பாலுக்குப் பதில் அப்படியே கொடுக்கும் திரவ ஃபார்முலா கிடைத்தால் அது கிருமி நீக்கியது, விலை கூட.

செய்முறை இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டில், நிப்பிள், மூடி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் மூழ்கவிட்டு 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். புதிதாகப் பிடித்த நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் எடுத்தால் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும், ஒரு லிட்டராவது காய்ச்சுங்கள்.

பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். இந்த வரிசை மாறினால் அளவு மாறிவிடும். பாட்டிலைச் சமதளத்தில் வைத்து, குனிந்து கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் 90 என்று தெரிவது உண்மையில் 80-ஆக இருக்கும். ஸ்கூப்பில் பவுடரை அள்ளி, அழுத்தாமல், தட்டாமல், டின்னின் விளிம்பிலோ சுத்தமான கத்தியின் முதுகாலோ வழித்துவிடுங்கள். கத்தி போன பிறகு பவுடர் தட்டையாக, பள்ளமும் மேடும் இல்லாமல் நிற்க வேண்டும். அதுதான் ஒரு ஸ்கூப். அரைத்தூக்கத்தில் எத்தனை போட்டோம் என்று மறந்துபோகும், அதனால் வாய்விட்டு எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டுத் திரும்பக் கலக்குங்கள்.

அந்தந்த டின்னின் ஸ்கூப்பை அந்தந்த டின்னுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு கம்பெனியில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு ஸ்கூப். இன்னொன்றில் 60 மி.லி.க்கு ஒன்று. டின் மாற்றும்போது பழைய ஸ்கூப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

"பிள்ளை மெலிந்திருக்கிறது, இன்னொரு ஸ்கூப் போடு" என்று பாட்டி சொல்வார். அன்பில் சொல்வதுதான், ஆனால் கேட்காதீர்கள். பாலைக் கெட்டியாக்கினால் மலச்சிக்கலும் நீர்வறட்சியும் வரும். டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீர் கூட்டினால் அது அதைவிட மோசம்: ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். பணம் போதவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி விலை குறைந்த டின்னுக்கு மாறுங்கள், பாலை மட்டும் நீர்க்கவிடாதீர்கள். சர்க்கரை, தேன், சத்துமாவு, மருந்து எதையும் பாட்டிலில் சேர்க்க வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் எந்த வகையிலும் கூடாது.

கலக்கியதும் மூடிக்குக் கீழே வரை குளிர்ந்த நீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், உள்ளே ஆங்காங்கே கொதிக்கும் பால் வாயைச் சுட்டுவிடும்.

அவ்வப்போது கலக்கி அப்போதே கொடுப்பதுதான் நல்லது. கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்த பாட்டில் என்றால் ஒரு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வெளியே போகும்போது வெந்நீரை ஃபிளாஸ்க்கிலும், அளந்த பவுடரைச் சுத்தமான உலர்ந்த டப்பாவிலும் தனித்தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

திறந்த டின்னில் திறந்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், ஈரம் ஏறும். ரீஃபில் பாக்கெட் வாங்கினால் பவுடரை டின்னில் கொட்டாமல் பாக்கெட்டையே டின்னுக்குள் வையுங்கள். கம்பெனி சரக்கைத் திரும்பப் பெறும்போது பேட்ச் எண் உங்களிடம் இருக்கும்.

7. எவ்வளவு, எத்தனை முறை

முதல் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கும். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. 4 கிலோ குழந்தைக்கு 600 மி.லி.யை எட்டாகப் பிரித்தால் வேளைக்கு 75 மி.லி. இது கணக்குக்காக, குழந்தை ஒரு வேளை கூடக் குடிக்கும், ஒரு வேளை குறைக்கும். தலையைத் திருப்பினால், உதட்டை மூடினால், கை தளர்ந்தால் போதும் என்று அர்த்தம். மிச்சத்தைத் திணிக்க வேண்டாம்.

சாய்ந்து உட்கார்ந்த நிலையில் பிடித்து, பாட்டிலைக் கிடைமட்டமாக வைத்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். நிப்பிள் துளை சிறியதாக இருக்கட்டும். தலையணை முட்டுக்கொடுத்துப் பாட்டிலை வாயில் வைத்துவிட்டுப் போகவே கூடாது, மூச்சுத்திணறும்.

8. ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால்

உடனே டின்னை மாற்றாதீர்கள். வாயு, முனகல், ஒரு நாள் மலம் போகாதது, பச்சை நிற மலம், சிறிது கக்குதல் எல்லாம் சாதாரணம். சின்னக் குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் கையில் எந்த டின் இருக்கிறதோ அதற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். பக்கத்து வீட்டில் "இதை மாற்றினோம், உடனே சரியாயிற்று" என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

மாற்றும் முன் நிப்பிள் துளை, ஏப்பம் விடுவது, ஸ்கூப் அளவு, ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவு நான்கையும் சரிபாருங்கள். ஒரு வாரம் குறித்து வையுங்கள்: நேரம், மி.லி., வாந்தி, மலம், தோலில் மாற்றம். மலத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் டயப்பரைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்தக் குறிப்போடு போனால் பத்து நிமிடத்தில் முடிவு கிடைக்கும். சரக்கு இல்லாமல் இன்னொரு சாதாரண முதல் நிலை டின்னுக்கு மாற வேண்டியிருந்தால் பயமில்லாமல் மாறலாம்.

இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: முகம் வீங்குதல், மூச்சு இழுத்தல், பச்சை நிற வாந்தி, ஒவ்வொரு முறை குடித்ததும் வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, மலத்தில் ரத்தம், டயப்பர் நனைவது சட்டென்று குறைவது, குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.

9. ஆறு மாதம் ஆனதும்

இரண்டாம் நிலை டின்னுக்கு மாறச் சொல்லிக் கடையில் கேட்பார்கள். மாற வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் நிலை ஃபார்முலாவையே ஒரு வயது வரை தொடரலாம், டின்னில் அப்படி அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்திலிருந்து திட உணவு தொடங்க வேண்டும், கூடுதல் இரும்பு அதிலிருந்து வர வேண்டும். ஒரு வயது நிறைந்ததும் சாதாரணப் பசும்பால் கொடுக்கலாம். மூன்றாம் நிலை 'வளரும் குழந்தைப் பால்' தேவையில்லை. ஒவ்வாமைக்கான ஃபார்முலா குடிக்கும் குழந்தைக்கு மட்டும் இந்த மாற்றங்களை டாக்டர் சொல்லும் தேதியில் செய்யுங்கள். அதற்காக டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடைப் பதிவோடு, அப்போது கொடுக்கும் டின்னின் லேபிளையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.